பெயர் சொல்லி அழைக்காத மையம்: தாதரில் ஒரு பால்வினை நலப் பரிசோதனை

முப்பத்தேழு வயதில், மணவிலக்கு முடிந்து இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு, மறுமணப் பேச்சு ஒன்று முடிவாகும் தறுவாயில், பால்வினைத் தொற்றுகளுக்கான முழுப் பரிசோதனையைச் செய்துகொள்வது என்று தீர்மானித்தேன். எனக்கு வலியோ எரிச்சலோ வேறு எந்தத் தொந்தரவோ இருக்கவில்லை. முதல் திருமணத்தில் நடந்தவற்றில் எனக்குத் தெரிந்தது பாதி, தெரியாதது பாதி. கிளமிடியா போன்ற தொற்றுகள் பெண்ணின் உடம்பில் பெரும்பாலும் எந்த அறிகுறியும் காட்டாமலே தங்கி, கருக்குழாய்களைக் கெடுத்து, பிற்பாடு குழந்தைப்பேற்றையே தடுத்துவிடக்கூடும் என்று படித்தது மனத்தை விட்டு அகலவில்லை. என்னை மணந்துகொள்ள இருப்பவரும் தமக்குரிய சோதனைகளைச் செய்துகொள்வதாகச் சொல்லியிருந்தார். அது அவர் பொறுப்பு. இங்கே நான் போய்வந்த இடங்களைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

பெற்றோருடன் மும்பையின் மாட்டுங்காவில் வசிக்கிறேன். கோயில், காய்கறிச் சந்தை, பூக்கடை, காபிக்கொட்டை வறுத்து அரைத்துத் தரும் கடை என்று எங்கே போனாலும் என் அப்பாவின் பெயரைச் சொல்லி என்னை அடையாளம் காண்பவர் ஒருவராவது இருப்பார். எங்கள் தெருவிலுள்ள இரத்தப் பரிசோதனை நிலையத்தில் பதிவேடு எழுதும் பெண்ணின் அத்தை, வெள்ளிக்கிழமைதோறும் என் அம்மாவுடன் அமர்ந்து லலிதா சகஸ்ரநாமம் சொல்பவர். அந்தப் பெண் நல்லவள்தான். யாரிடமும் சொல்ல மாட்டாள் என்றே நம்புகிறேன். ஆனாலும் என் பெயருக்கு நேரே அவள் கையால் அந்தச் சோதனைகளை எழுத வைப்பதற்கு எனக்கு மனம் வரவில்லை. அதனால் முதலில் வீட்டுக்கே ஆள் அனுப்பி இரத்தம் எடுத்துச் செல்லும் சேவை ஒன்றில் பதிவு செய்தேன். அந்த நிறுவனத்தின் பெயரை எழுதப் போவதில்லை. தாதரில் நான் போன மையத்தின் பெயரையும் எழுதப் போவதில்லை. நிறைகளோடு குறைகளையும் மறைக்காமல் எழுத வேண்டுமென்றால் இதுவே முறை.

வீட்டுச் சேவையின் விளம்பரத்தில் ‘நூறு விழுக்காடு இரகசியம்’ என்று இருந்தது. ரூ.2,499 கட்டினேன். வீட்டில் யாரும் இல்லாத காலை வேளையைத் தேர்ந்தெடுத்தேன். ஆனால் எங்கள் குடியிருப்பில் வெளியாள் வந்தால் காவலர் ஒரு செயலியில் பதிவார். அந்த அறிவிப்பு வீட்டிலுள்ள எல்லோருடைய கைப்பேசிக்கும் போகும். அப்படியே, அந்த நிறுவனத்தின் பெயரோடும் வந்தவரின் புகைப்படத்தோடும் அப்பாவின் கைப்பேசிக்கும் போய்விட்டது. வங்கியில் வரிசையில் நின்றிருந்தவர் உடனே அழைத்து, யாருக்கு உடம்பு சரியில்லை என்று பதறினார். அலுவலகத்தில் கேட்ட பொதுப் பரிசோதனை என்று பொய் சொல்லிவிட்டு, வந்தவரைத் திருப்பி அனுப்பினேன். அந்த இளைஞர் மீது எந்தக் குற்றமும் இல்லை. மும்பையில் வாழும் ஒரு பெண்ணின் வாசல் எப்படிப்பட்டது, அதைக் கடந்து எத்தனை பேருடைய கண்ணுக்குத் தப்பி ஒருவர் உள்ளே வர வேண்டும் என்பதை அந்தச் சேவையை வகுத்தவர்கள் ஒருமுறையாவது எண்ணிப் பார்த்திருந்தால், வருபவரை நிறுவனப் பெயர் சொல்லாமல் தம் பெயரை மட்டும் சொல்லச் சொல்லியிருப்பார்கள்.

பணம் போனது பெரிய நட்டமன்று என்று பிறகு தெரிந்தது. அதற்குக் காரணம் தாதர் மையத்தின் மருத்துவர் சொன்ன விளக்கம். அதைக் கீழே தருகிறேன்.

மையம் தாதர் மேற்கில், நிலையத்திலிருந்து நடக்கும் தொலைவில், பழைய கட்டடம் ஒன்றின் மூன்றாம் தளத்தில் இருக்கிறது. அதே கட்டடத்தில் பல் மருத்துவரும் கண்ணாடிக் கடையும் கணக்காளர் அலுவலகமும் இருப்பதால், படியேறுபவர் எங்கே போகிறார் என்று யாரும் கணிக்க முடியாது. கதவில் ‘பெண்கள் நல மையம்’ என்று மட்டுமே எழுதியிருக்கிறது. பிள்ளைப்பேறு, மாதவிடாய்க் கோளாறு, கருத்தடை என எல்லாவற்றுக்கும் அதே கூடத்தில்தான் காத்திருக்கிறார்கள். இந்த ஏற்பாடு எனக்கு மிகவும் பிடித்திருந்தது. பால்வினை நோய்க்கென்று தனிக் கதவு வைத்து அதற்கு இரகசியக் கதவு என்று பெயர் சூட்டினால், அந்தக் கதவைத் திறப்பதே அறிவிப்பாகிவிடும்.

வரவேற்பில் இருந்த பெண் எனக்கு ஒரு வில்லையைக் கொடுத்தார். அதில் 14 என்று எண் மட்டும் இருந்தது. அங்கிருந்த இரண்டரை மணி நேரமும் அந்த எண்ணைச் சொல்லியே என்னை அழைத்தார்கள். ஒருமுறைகூட என் பெயர் அந்தக் கூடத்தில் ஒலிக்கவில்லை. படிவத்தில் கணவர் பெயர், தந்தை பெயர் என்ற கட்டங்கள் இல்லை. ஆதார் கேட்கவில்லை. கேட்ட கேள்விகளில் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது கைப்பேசி எண்ணைப் பற்றியதுதான். இந்த எண்ணை நீங்கள் மட்டும்தான் பயன்படுத்துகிறீர்களா, குறுஞ்செய்தி அனுப்பலாமா, அழைத்தால் வேறு யாராவது எடுக்கக்கூடுமா, எடுத்தால் எங்கிருந்து பேசுவதாகச் சொல்ல வேண்டும் என்று நான்கு கேள்விகள் இருந்தன. கடைசிக் கேள்விக்கு ‘தையல்காரர்’ என்று எழுதினேன். அந்தப் பெண் சிரிக்கவும் இல்லை, வியக்கவும் இல்லை, அப்படியே பதிந்துகொண்டார். இந்த நான்கு கேள்விகளைக் கேட்கத் தெரிந்தவர்கள் பெண்களின் வீடுகளை அறிந்தவர்கள் என்ற நம்பிக்கை எனக்கு அங்கேயே பிறந்துவிட்டது. அந்த நம்பிக்கை பின்னால் ஓரிடத்தில் அடிபட்டது, அதையும் சொல்வேன்.

மருத்துவரின் அறையில் எனக்கு இருந்த பெரிய அச்சம் ஒரே ஒரு கேள்வியைப் பற்றியது. நம் நாட்டில் பெண்கள் நல மருத்துவர்கள் பலர் உடலுறவு உண்டா என்று கேட்க வேண்டிய இடத்தில் ‘கல்யாணம் ஆகிவிட்டதா?’ என்று கேட்பார்கள். சென்னையில் கல்லூரி நாள்களிலிருந்து இதைக் கேட்டு வருகிறேன். மணமாகாதவள் ‘இல்லை’ என்று சொல்லிவிட்டால் அவளுக்குச் செய்ய வேண்டிய சோதனைகள் அத்தனையும் விட்டுப்போகும். மணமானவள் ‘ஆம்’ என்று சொல்லிவிட்டால் அவளுக்குத் தொற்றே வராது என்பது போல மேற்கொண்டு எதுவும் கேட்க மாட்டார்கள். என்னைப் போன்றவள் எந்தப் பதிலைச் சொன்னாலும் அது உண்மையாகாது. இங்கே மருத்துவர் அந்தக் கேள்வியைக் கேட்கவே இல்லை. கடைசியாக எப்போது உறவு கொண்டீர்கள், ஆணுறை பயன்படுத்தியதுண்டா, துணைவருக்கு வேறு உறவுகள் இருந்திருக்க வாய்ப்புண்டா, விருப்பமில்லாமல் எதுவும் நடந்ததா என்று ஒன்றன்பின் ஒன்றாக, இரத்த அழுத்தத்தைக் கேட்பது போன்ற அதே குரலில் கேட்டார். கடைசிக் கேள்விக்குப் பதில் சொல்ல எனக்குச் சற்று நேரம் ஆயிற்று. அவர் எதையும் எழுதாமல் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் காத்திருந்தார்.

மொழி ஒரு தடையாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். மருத்துவர் மராத்தி பேசுபவர். நாங்கள் ஆங்கிலத்தில்தான் பேசிக்கொண்டோம். அலுவலக வேலைக்கு எனக்கு ஆங்கிலம் போதும். என் உடம்பைப் பற்றிச் சொல்ல அது போதவில்லை. எப்போதாவது வெள்ளைப்படுகிறதா என்ற கேள்வியை நான் முதன்முதலில் கேட்டது பதின்மூன்று வயதில், திருச்சியில், என் பாட்டியின் வாயிலிருந்து. அந்தச் சொல்லோடுதான் அந்த உடல் நிலையே எனக்குத் தெரியும். நல்வாய்ப்பாக, உதவிக்கு நின்ற செவிலியர் கோயம்புத்தூரில் படித்த மலையாளி. நான் தடுமாறிய இடங்களில் அவர் தமிழில் கேட்டார். மையத்தின் விளம்பரத்தில் இந்த வசதி பற்றி ஒரு சொல்லும் இல்லை. தமிழர் பலர் வாழும் தாராவியும் சயானும் செம்பூரும் அருகிலிருக்கும்போது, தமிழ் தெரிந்த ஒருவர் எந்தெந்த நாள்களில் இருப்பார் என்பதையாவது அவர்கள் எழுதி வைக்க வேண்டும்.

இனிச் சோதனைகள். நான் வீட்டில் பதிவு செய்திருந்த தொகுப்பின் பட்டியலை மருத்துவரிடம் காட்டினேன். அதில் இருந்தவை எல்லாமே இரத்தச் சோதனைகள்: எச்.ஐ.வி., சிபிலிஸ் என்னும் மேகநோய், ஹெபடைடிஸ் பி, ஹெபடைடிஸ் சி, அவற்றோடு கிளமிடியாவுக்கும் ஹெர்பிசுக்கும் எதிர்ப்பொருள் சோதனைகள். முதல் நான்கும் இரத்தத்தில் பார்க்க வேண்டியவையே என்றார். கிளமிடியாவும் கொனோரியாவும் பெண்ணுக்குக் கருப்பை வாயில் குடியிருப்பவை. அங்கிருந்தோ பிறப்புறுப்பின் உட்பகுதியிலிருந்தோ பஞ்சுக்குச்சியால் மாதிரி எடுத்து, கிருமியின் மரபணுவைத் தேடும் பி.சி.ஆர். முறையில்தான் இப்போது தொற்று இருக்கிறதா என்று உறுதியாகச் சொல்ல முடியும். இரத்தத்தில் எதிர்ப்பொருள் இருந்தால் என்றோ ஒரு நாள் அந்தக் கிருமி உடம்புக்குள் வந்திருக்கிறது என்று மட்டும் கொள்ளலாம். அதை வைத்து மருந்து கொடுக்கவும் முடியாது, கொடுக்காமல் இருக்கவும் முடியாது. ஹெர்பிசுக்கு, புண்ணோ கொப்புளமோ இல்லாத பெண்ணிடம் இரத்தச் சோதனை செய்வது பரிந்துரைக்கப்படுவதே இல்லை, குறிப்பாக ஐ.ஜி.எம். என்ற வகை புதிய தொற்றையும் பழையதையும் பிரித்துக் காட்டத் தவறுவதால், ஒன்றுமில்லாதவளைக்கூடப் பல மாதங்கள் தூங்கவிடாமல் செய்துவிடும். ஆக, அந்த ரூ.2,499 எனக்கு இரண்டு முக்கியமான தொற்றுகளைப் பற்றி ஒன்றும் சொல்லாமல், தேவையற்ற ஒன்றைப் பற்றிக் கவலையைக் கொடுத்திருக்கும். தொகுப்பில் எத்தனை சோதனைகள் என்று எண்ணுவதைவிட, மாதிரியை உடம்பின் எந்த இடத்திலிருந்து எடுக்கிறார்கள் என்று கேட்பதே பயன் தரும் என்று அன்று கற்றேன். இதைச் சொன்னதற்காகவே அந்த மருத்துவருக்கு நான் கடன்பட்டிருக்கிறேன்.

பஞ்சுக்குச்சி மாதிரியை நானே எடுத்துக்கொள்ளலாம் என்றார்கள். பூட்டக்கூடிய கழிப்பறை, எந்த அளவுக்கு உள்ளே செலுத்த வேண்டும் என்று காட்டும் படம், எண் மட்டும் ஒட்டிய குப்பி: இரண்டு நிமிடத்தில் முடிந்தது. பெண் தானே எடுக்கும் மாதிரி மருத்துவர் எடுப்பதற்கு ஈடாகவே துல்லியமானது என்பதையும் விளக்கினார்கள். கருப்பை வாய்ப் புற்றுநோயை உண்டாக்கக்கூடிய எச்.பி.வி. என்னும் வைரசுக்கான சோதனையையும் அப்படிச் செய்யலாம். ஆனால் அந்த மையத்தில், எச்.பி.வி. இருந்தால் அதே மாதிரியிலுள்ள உயிரணுக்களில் (செல்களில்) மாற்றம் உண்டா என்றும் பார்த்துவிடுவதற்காக, மருத்துவரே கருப்பை வாயிலிருந்து எடுத்துத் திரவத்தில் பாதுகாக்கிறார்கள். அதற்கு முந்திய இரண்டு நாள்கள் உறவும் உள்ளே வைக்கும் மருந்துகளும் கூடாது, மாதவிலக்கு நாளாகவும் இருக்கக்கூடாது என்று முன்பே சொல்லிவிட்டார்கள். பரிசோதனைக் கருவியை வெந்நீரில் நனைத்துச் சூடாக்கி, என் தொடையில் ஒருமுறை தொட்டுக்காட்டி, இப்போது தொடங்கலாமா என்று கேட்ட பிறகே உள்ளே செலுத்தினார். எப்போது வேண்டுமானாலும் நிறுத்தச் சொல்லலாம் என்றார். பதினைந்து ஆண்டுகளில் இந்தச் சொற்களை எந்த மருத்துவரும் என்னிடம் சொன்னதில்லை.

எச்.ஐ.வி. சோதனைக்குத் தனியாக ஒரு சம்மதப் படிவமும் தனி ஆலோசனையும் இருந்தன. இது மையத்தின் பெருந்தன்மை அன்று, சட்டம் கேட்பது. நாட்டின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகள் 1986-இல் சென்னையில், டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி செல்லப்பன் நிர்மலாவும் செய்த ஆய்வில் கண்டறியப்பட்டன. சோதிக்கப்படுபவரின் சம்மதத்தையும் இரகசியத்தையும் காக்கத் தனிச் சட்டம் வந்தது 2017-இல். அது நடைமுறைக்கு வந்தது 2018 செப்டம்பர் 10 அன்று. இடையில் கழிந்த முப்பது ஆண்டுகளில் எத்தனை பெண்களின் செய்தி அவர்களுக்கு முன்பாக மாமியாருக்குப் போய்ச் சேர்ந்திருக்கும் என்று நினைத்தால் மனம் கனக்கிறது. ஆலோசகர் அந்தச் சட்டத்தில் எனக்குத் தெரியாத ஒரு பிரிவையும் சொன்னார். தொற்றுள்ளவரின் துணைக்கு மருத்துவர் செய்தி சொல்லச் சில நிலைமைகளில் சட்டம் இடம் தருகிறது. ஆனால் அப்படிச் சொல்வதால் அவருக்கு அடி உதையோ கைவிடப்படுதலோ நேரும் என்ற நியாயமான அச்சம் இருந்தால், குறிப்பாகப் பெண்கள் விஷயத்தில், சொல்லக்கூடாது என்றும் அதே சட்டம் தடுக்கிறது. இதைச் சுவரில் எழுதி வைக்க வேண்டும் என்று கருத்துப் படிவத்தில் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். எந்தச் சோதனையையும் சரியான காலத்தில் செய்ய வேண்டும் என்பதையும் அவர் விளக்கினார்: புதிய வகை எச்.ஐ.வி. ஆய்வகச் சோதனை தொற்று நேர்ந்து 45 நாள்களுக்குள் காட்டிவிடும், எதிர்ப்பொருளை மட்டும் பார்க்கும் சோதனைக்கு மூன்று மாதம் வரை ஆகலாம். என் விஷயத்தில் இரண்டு ஆண்டுகள் கடந்துவிட்டதால் அந்தக் கவலை எழவில்லை.

ஆலோசனைக்கு ரூ.1,200, பி.சி.ஆர். சோதனைக்கு ரூ.3,800, இரத்தச் சோதனைகளுக்கு ரூ.1,900, எச்.பி.வி. சோதனைக்கு ரூ.2,400, ஆக மொத்தம் ரூ.9,300 கட்டினேன். இது சிறிய தொகையன்று. ரசீதில் ஒவ்வொரு சோதனையின் பெயரும் அச்சாகியிருந்தது. ‘ஆய்வகச் சோதனைகள்’ என்று ஒரே வரியாக மாற்றித் தரச் சொன்னதும் மாற்றித் தந்தார்கள். கேட்டால்தான் மாற்றுவோம் என்ற நிலை வேண்டாம். தொடக்கத்திலேயே அப்படித்தான் அச்சாக வேண்டும்.

ஆறாம் நாள் அழைப்பு வந்தது. நான் அலுவலகத்தில் இருந்தேன். ‘தையல்காரர் பேசுகிறேன், இப்போது பேச வசதிப்படுமா?’ என்று கோவைச் செவிலியரின் குரல் தமிழில் கேட்டது. மாடிப்படிக்குப் போய் நின்றுகொண்டேன். மற்ற அனைத்தும் இல்லையென்று வந்திருக்கின்றன, எச்.பி.வி.யில் மட்டும் ஒரு வகை இருக்கிறது, 16, 18 என்ற வகைகள் இல்லை, உயிரணுக்களையும் பார்த்துவிட்டார்கள், அவை இயல்பாக இருக்கின்றன என்று இதே வரிசையில், நான் மூச்சுவிட இடம் கொடுத்துச் சொன்னார். கருப்பை வாய்ப் புற்றுநோய்களில் ஏறத்தாழ 70 விழுக்காட்டுக்கு அந்த இரண்டு வகைகளே காரணம் என்பதால் அவை இல்லை என்பது பெரிய ஆறுதல். பெரும்பாலான எச்.பி.வி. தொற்றுகளை உடம்பே ஓரிரு ஆண்டுகளில் நீக்கிவிடும் என்றும், ஓராண்டு கழித்து மறுபடியும் பார்த்தால் போதும் என்றும் மருத்துவர் பிறகு விளக்கினார். யாரிடமிருந்து வந்தது என்று கேட்டேன். பல ஆண்டுகள் ஒடுங்கிக் கிடந்துவிட்டுத் தெரியவரக்கூடிய தொற்று இது, எப்போது வந்தது, யாரால் வந்தது என்பதை எந்தச் சோதனையாலும் சொல்ல முடியாது என்றார். நான் மறுமணம் செய்துகொள்ள இருப்பவரிடம் அன்றிரவே சொன்னபோது இந்த வாக்கியம்தான் எனக்குத் துணை நின்றது. அதை அப்படியே சொன்னேன். அவரும் அப்படியே ஏற்றுக்கொண்டார்.

இத்தனை கவனமாக நடந்துகொண்ட இடம், பத்து நாள் கழித்துச் செய்த தவறு என்னை உலுக்கிவிட்டது. எச்.பி.வி. தடுப்பூசிக்குத் தள்ளுபடி என்று, மையத்தின் பெயரோடும் ‘உங்கள் அண்மைச் சோதனையை அடுத்து’ என்ற சொற்களோடும் ஒரு விளம்பரச் செய்தி என் கைப்பேசித் திரையில் வந்து விழுந்தது. அப்போது கைப்பேசி அம்மாவின் கையில் இருந்தது. தஞ்சாவூர்ச் சித்தியோடு பேசிக்கொண்டிருந்தார். அம்மாவுக்குக் கண்ணாடி இல்லாமல் எழுத்து தெரியாது என்பதால் மட்டுமே அது அவர் கண்ணில் படவில்லை. குறுஞ்செய்தி வேண்டாம் என்று படிவத்தில் நான் குறித்திருந்தேன். மறுநாள் நேரில் போய்க் கேட்டபோது, விளம்பரச் செய்திகளை அனுப்புவது வெளி நிறுவனம் என்றும், எண்கள் மொத்தமாகப் போய்விட்டன என்றும் சொல்லி மன்னிப்புக் கேட்டார்கள். என் எண்ணை நீக்கிவிட்டதற்கு எழுத்தில் சான்றும் தந்தார்கள். வரவேற்பில் கேட்ட நான்கு கேள்விகளின் பதில்களும் அந்த வெளி நிறுவனத்தைச் சென்று சேரவில்லை என்றால், அந்தக் கேள்விகளுக்குப் பாதி மதிப்புதான். அந்தத் தடுப்பூசியையும் தொற்று வருவதற்கு முன், ஒன்பது முதல் பதினான்கு வயதுக்குள் போட்டால்தான் முழுப் பயன் கிடைக்கும். சீரம் நிறுவனத்தின் செர்வாவாக் என்ற தடுப்பூசி 2022-இல் அனுமதி பெற்ற பிறகு நம் நாட்டிலேயே அது தயாராகிறது. என் அக்கா மகளுக்கு அதைப் போடச் சொல்லியிருக்கிறேன். முப்பத்தேழு வயதில், தொற்று இருப்பதாகத் தெரிந்த ஒருத்திக்கு அதைத் தள்ளுபடி விலையில் விற்க முயல்வது அந்த மருத்துவரின் பேச்சோடு பொருந்தவே இல்லை.

எங்கள் வீட்டில் சமையலுக்கு உதவ வரும் அக்கா தாராவியில் இருக்கிறார். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து மணமாகி வந்து இருபத்தைந்து ஆண்டுகள் ஆகின்றன. நான் மருத்துவமனைக்குப் போய்வருவதை அவர் எப்படியோ உணர்ந்திருக்கிறார். ஒரு நாள் பாத்திரம் துலக்கியபடியே, தமக்கு நாலைந்து மாதமாக வெள்ளைப்படுவதையும் அடிவயிறு இழுத்துப் பிடிப்பதையும் சொன்னார். ரூ.9,300 அவருடைய ஒரு மாதச் சம்பளத்துக்கும் மேல். நான் கட்டுகிறேன் என்றபோது மறுத்துவிட்டார். ஆகவே மாநகராட்சி மருத்துவமனை ஒன்றில் உள்ள சுரக்ஷா பிரிவுக்கு அவரோடு போனேன். தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பின் கீழ் நடக்கும் இந்தப் பிரிவுகளில் பால்வினைத் தொற்றுகளுக்கு ஆலோசனையும் மருந்தும், எச்.ஐ.வி.க்கும் மேகநோய்க்கும் சோதனையும் கட்டணமின்றிக் கிடைக்கும். தமிழ்நாட்டில் நாம் நம்பிக்கை மையம் என்று அழைப்பதே இங்கும் ஒருங்கிணைந்த ஆலோசனை, பரிசோதனை மையமாக அதே வளாகத்தில் இருக்கிறது. போவதற்கு முன் 1097 என்ற கட்டணமில்லா உதவி எண்ணில் பேசி விவரம் கேட்டுக்கொண்டோம்.

‘ஏம்மா, இது எங்க வீட்ல தெரிஞ்சிருமோ?’ என்று வழியெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தார். அந்தக் கேள்விக்கு அந்த மருத்துவமனை தந்த பதில் இரண்டுவிதமாக இருந்தது. வெளியே, நெருக்கடியான நடைபாதையில், பெயரையும் வயதையும் உரக்கச் சொல்லி அழைத்தார்கள். பரிசோதனை அறையில் ஒருவர் படுத்திருக்கும்போதே அடுத்தவரைத் திரைக்கு இப்பால் நிறுத்தி வைத்தார்கள். அக்காவிடம் மருத்துவர் கேட்ட கேள்விகளை அந்த அடுத்த பெண் முழுவதும் கேட்டிருப்பார். ஆனால் ஆலோசகரின் அறையில் கதவு மூடியிருந்தது. அந்த அம்மையார் தாராவிப் பெண்களோடு பழகிப் பழகிக் கற்ற தமிழில், அவசரமில்லாமல் பேசினார். இரத்தச் சோதனையின் குப்பியில் எண் மட்டும்தான். வெள்ளைப்படுதலுக்கான பச்சை நிற மருந்துப் பொட்டலத்தை அப்போதே கையில் கொடுத்தார்கள். ஆய்வகத்துக்காகக் காத்திராமல் அறிகுறியை வைத்தே மருந்து கொடுப்பது அங்குள்ள முறை. திரும்பி வர முடியாத பெண்களுக்கு அது நல்லது, அறிகுறியே இல்லாத என்னைப் போன்றவர்களுக்கு அந்த முறை எதையும் கண்டுபிடிக்காது. வெள்ளைப்படுதல் எல்லாமே உறவினால் வருவதில்லை, இதற்காக வீட்டில் யாரும் யாரையும் சந்தேகப்பட வேண்டியதில்லை என்றும் ஆலோசகர் சொன்னார். அதைக் கேட்டபோது அக்காவின் தோள்கள் தளர்ந்ததைப் பார்த்தேன்.

அங்கே கருப்பை வாயில் நீர்த்த அசிட்டிக் அமிலத்தைத் தடவிக் கண்ணால் பார்க்கும் சோதனையையும் அவருக்குச் செய்தார்கள். செலவில்லாத அந்த முறையைக் குறைவாக மதிப்பிட வேண்டாம். 2007-இல் வெளியான திண்டுக்கல் மாவட்ட ஆய்வில், இதே சோதனையால் கருப்பை வாய்ப் புற்றுநோய் இறப்புகள் 35 விழுக்காடு குறைந்தன. இந்த மும்பையிலேயே டாடா நினைவு மருத்துவமனை 1998-இல் தொடங்கி, குடிசைப் பகுதிகளில் சுமார் ஒன்றரை இலட்சம் பெண்களை வைத்து நடத்திய ஆய்வில், உள்ளூர்ப் பெண்களுக்குப் பயிற்சி அளித்து அவர்களைக் கொண்டே இதைச் செய்ததில் இறப்பு 31 விழுக்காடு குறைந்தது. உலக சுகாதார நிறுவனம் 2021-இல் எச்.பி.வி. சோதனையையே முதன்மையாகப் பரிந்துரைத்துவிட்டது உண்மை. முப்பது வயதிலிருந்து ஐந்து முதல் பத்து ஆண்டுகளுக்கு ஒருமுறை செய்தால் போதும் என்பது அதன் வழிகாட்டுதல். அந்தச் சோதனை தாராவிக்குக் கட்டணமின்றி வந்து சேரும் வரை, கையில் இருக்கும் இதைத் தவறவிடக் கூடாது.

இரண்டு இடங்களையும் ஒப்பிட்டால், தாதர் மையத்தை, அந்த விளம்பரச் செய்தியை மனத்தில் வைத்துக்கொண்டும், பணம் கட்ட இயன்ற பெண்களுக்குப் பரிந்துரைப்பேன். அறிகுறி இல்லாதவர்களுக்குச் சரியான சோதனையைச் சரியான இடத்தில் செய்பவர்கள் அவர்கள்; பேசும் முறையில் அவர்களுக்கு ஈடாக இந்நகரில் நான் யாரையும் கண்டதில்லை. போகும்போது விளம்பரத்துக்கு எண்ணைத் தர மாட்டேன் என்று படிவத்தில் குறிப்பதோடு வாயாலும் சொல்லுங்கள், ரசீதை ஒரே வரியாகக் கேளுங்கள், தமிழ் தெரிந்தவர் எந்த நாளில் இருப்பார் என்று முன்பே அழைத்துக் கேளுங்கள். மாநகராட்சிப் பிரிவைப் பொறுத்தவரை, ஆலோசகரின் அறை அளவுக்கு நடைபாதையும் மாறிவிட்டால் நான் தாதருக்கே போயிருக்க மாட்டேன். அதற்குப் பெரிய செலவு தேவையில்லை: எண் போட்ட வில்லைகளும், இன்னொரு திரையும், ஒருவர் வெளியே வந்த பிறகு அடுத்தவரை அழைக்கும் பொறுமையும் போதும். அங்குள்ள கருத்துப் பெட்டியில் இதை மராத்தியில் எழுதிப் போட்டிருக்கிறேன்.

மூன்று மாதம் கழித்து அக்காவை மறுசோதனைக்கு வரச் சொல்லியிருந்தார்கள். நான் கூட வரட்டுமா என்று கேட்டேன். அக்கா வேண்டாமென்று சொல்லிவிட்டு, செவ்வாய்க்கிழமை வேலைக்கு வருவதற்கு முன்பே தாமாகவே போய்வந்திருந்தார். ‘அந்தம்மா கதவைச் சாத்திட்டுத்தாம் பேசினாவ’ என்று மட்டும் சொன்னார்.